அடித்தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் இந்தக் கடைமடையில் என்னென்ன கட்டினேன் என்று கேளுங்கள். பேங்க்காரர்கள் என்னை உட்காரக்கூடச் சொல்லாத காலத்தில் அரிசி மில் கட்டினேன். அறுத்துப் போட்ட நெல் நனைகிறதே என்று ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது தகரக் கொட்டகையோடு களம் கட்டினேன். எங்கள் தெருப் பிள்ளைகள் வெயிலில் நிற்காமல் கூத்தாநல்லூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூரை கட்டினேன். இன்ஜினியர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில்தான் அதைக் கட்டினேன், அது இன்னும் நிற்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கால்சட்டை இடுப்பில் நிற்காத வயதில், ஒரு மருந்து பாட்டிலை வைத்து நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஆளில்லாததால் நானே எழுதுகிறேன்.

சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. பள்ளிக்கூடச் சுவரில் புது முதலமைச்சர் படம் தொங்கியது. குத்தகை சாகுபடி செய்கிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்து, வரப்புக்கு வரப்பு விவசாயச் சங்கத்துக் கொடி பறந்துகொண்டிருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பண்ணை வீட்டால் எங்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த சாகுபடிக்கு நாங்கள் எங்கே போவது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் நாகூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். சின்ன வயது. கடலோரத்து வியாபாரக் குடும்பம். புத்தகத்தில் கடலைப் பற்றி ஒரே ஒரு பாடம் இருந்தது. அவர் அதை முடிக்கவே இல்லை. எங்களில் ஒருவனும் கடலைப் பார்த்ததில்லை. நாகூர் கந்தூரிக்குப் போய் வந்தவர்கள்கூட ஜனங்களின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். விஞ்ஞானம் என்றால் எங்களுக்கு யூரியா மூட்டை. அதனால் டீச்சர் கடலை எங்கள் வயலுக்கே கொண்டுவந்தார். கடல் என்பது வரப்பில்லாத வயல் என்றார். மழை எல்லா ஊர் மண்ணிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கழுவிக் கொண்டுபோய் அங்கே போடுகிறது, தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு மட்டும் போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது என்றார். நிலாதான் கடலை இழுக்கிறது என்று அவர் சொன்ன அன்றைக்கு, என்னை மாடு பிடிக்கக் கூப்பிட வந்த சித்தப்பா ஜன்னலில் கையை ஊன்றியபடி நின்றிருந்தார்.

“கயிறு இல்லாம எப்படிங்க டீச்சர் இழுக்கும்?”

“காந்தம் கயிறு கட்டியா ஆணிய இழுக்குது? உள்ள வந்து உக்காருங்கண்ணே, சொல்றேன்.”

சித்தப்பா உள்ளே வரவில்லை. ஆனால் மறுநாளும் மாடு தேடிக்கொண்டு அதே ஜன்னலுக்கு வந்தார்.

பிறகொரு நாள் டீச்சர் கண்ணாடி ஜாடியில் பாதிக்கு நல்ல தண்ணீர் எடுத்தார். இன்னொரு டம்ளரில் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து, பேனா மையை ஊற்றி நீலமாக்கினார். பப்பாளி இலைத் தண்டை ஜாடியின் அடிவரை விட்டு, அதன் வழியே நீலத் தண்ணீரை மெதுவாக இறக்கினார். அது கலக்கவில்லை. அடியில் ஒரு நீலப் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டது. மேலே தெளிந்த தண்ணீர், எதுவும் தெரியாதது போல நின்றது. உப்புத் தண்ணீர் கனம், அதனால் கீழே என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அன்று பூராவும் காது கேட்கவில்லை. நடந்தால் என் காலுக்கடியில் நீலம் நகர்ந்தது. வடிகால் ஆற்றங்கரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கடல் சத்தமில்லாமல் ஆற்றின் அடியில் ஊர்ந்து ஊர்ந்து எங்கள் ஊருக்கு வருவதாக நினைத்துக்கொண்டேன். போர்வைக்குள் நுழைகிற குழந்தை மாதிரி அது வந்தது. மேலே ஆகாயத்தாமரை மிதந்துகொண்டிருந்தது, அதற்கும் தெரியவில்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றில் முறைத்தண்ணீர் வராதபோது எங்கள் கடைமடை வயல்கள் அந்த வடிகாலை நம்பித்தான் பிழைத்தன. ஆனால் கடல் ஏறும் நேரங்களில் அதில் உப்பும் ஏறும். ஆகவே வயலுக்குத் தண்ணீர் விடும் மதகின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அப்பா படியில் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் வைத்து, கண்ணை மூடி, கிழக்குப் பக்கம் துப்புவார். “தூக்குங்கப்பா” என்றால் தூக்குவார்கள். தலையை ஆட்டினால் எத்தனை பேர் கெஞ்சினாலும் ஷட்டர் அசையாது. பண்ணை வீட்டு வயலுக்கும் அந்த நாக்குதான் உத்தரவு.

அந்த வருஷம் அப்பா தூக்கச் சொன்ன தண்ணீரில் பயிர் நுனி கருகியது. பிறகு மண்ணில் வெள்ளை பூத்தது. நட்ட பயிரெல்லாம் செம்பட்டையாகப் போயிற்று. பண்ணைக் காரியக்காரர் இதற்காகவே காத்திருந்த மாதிரி மனு எழுதிவிட்டார்: கொடிக்காரர்கள் பேச்சைக் கேட்டு, பண்ணை நிலத்தைக் கெடுக்க வேண்டும் என்றே உப்புத் தண்ணீரை விட்டான், இப்படிப்பட்டவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. அப்பா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வாயில் வைத்தேன், நல்ல தண்ணீர்தான். ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. சொந்தப் பயிரும் கருகியவர்கள் எப்படி நம்புவார்கள்?

எனக்கு ஜாடி ஞாபகம் வந்தது. டீச்சரிடம் ஓடி, நம்ம வடிகால் ஆற்றிலும் மேலே நல்ல தண்ணீர், கீழே கடலா என்று கேட்டேன்.

“இருக்கலாம். நான் பாக்கலையே” என்றார் டீச்சர்.

நான் பார்த்தேன். இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, அதில் கல்லையும் இறக்கக் கயிற்றையும் கட்டினேன். அக்காவின் ரிப்பனைத் தக்கையில் கட்டினேன். மூடிய பாட்டிலை அடிவரை இறக்கி, ரிப்பனை இழுத்தால் தக்கை கழன்று அடித்தண்ணீர் மட்டும் உள்ளே போகும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

தாசில்தார் விசாரணைக்கு ஷட்டருக்கே வந்தார். கடல் ஏறுகிற பகல் பொழுது. காரியக்காரர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அன்றைக்கு உப்பென்று தெரிந்தே விட்டான் என்றார். அப்போது நான் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து பாட்டிலை இறக்கினேன். காரியக்காரர் என் காதைப் பிடித்தார். தாசில்தார் விடச் சொன்னார். மேலே வந்த பாட்டிலை அவரிடமே நீட்டினேன். அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார்.

“மேல நல்ல தண்ணி, அடியில உப்பு. ஷட்டர் அடியிலேருந்துதானே திறக்குது? இவரு பொய் சொல்லலைங்க” என்றார் தாசில்தார், காரியக்காரரிடம்.

காரியக்காரர் அப்பா பக்கம் கையை நீட்டினார். “அப்ப இத்தனை வருஷமா இவன் நாக்க நம்பினதுக்கு, ஒரு எருமைய இறக்கிக் கேட்டிருக்கலாம்” என்றார்.

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். அப்பாவும் சிரித்தார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பெயர் ஏறியது. நிலம் நின்றது. அதற்குப் பிறகு தண்ணீர் விடும் நாட்களில் ஆட்கள் எங்கள் வாசலில் வந்து என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் பாட்டிலோடு ராஜா மாதிரி முன்னால் நடப்பேன். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போவார். சாப்பிடும்போது, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அம்மா வழக்கம்போல அவரைக் கேட்டாள்.

“பையனக் கேளு” என்றார் அப்பா, இலையைப் பார்த்தபடி.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, “சரியா இருக்கும்மா” என்றேன். அக்கா ஏன் என் தொடையைக் கிள்ளினாள் என்று விளங்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா மலர் வந்தது. அதில் டீச்சர் படத்துக்குக் கீழே, மாணவர்களை ஷட்டருக்கு அழைத்துச் சென்று கடல்நீரின் இயல்பை விளக்கி ஊரைக் காத்தார் என்று போட்டிருக்கிறார்கள். டீச்சர் அன்றைக்கு ஷட்டர் பக்கமே வரவில்லை. இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் ஜாடி இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் மறுபடி அச்சடிக்கும்போது திருத்திப் போடுங்கள். பாட்டிலை இறக்கியவன் நான் என்று முழுப் பெயரோடு போடுங்கள். அன்றைக்கு என் அப்பா கையில் அள்ளியது நல்ல தண்ணீர்தான் என்பதையும் அதே வரியில் போடுங்கள்.