வரவில் ஏறாத முட்டைகள்

தேசிகன் சார் தவறிவிட்டார் என்ற செய்தி எனக்கு மீஞ்சூர் ஸ்டேஷனில் கிடைத்தது. எங்கள் உடற்கல்வி ஆசிரியை புஷ்பா மிஸ் எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார். கும்மிடிப்பூண்டி ரயில் வந்து நின்றது, போய்விட்டது. நான் ஏறவில்லை. செய்தியை அப்படியே டீமில் எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருத்திகூட நம்பவில்லை. ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளில் கல்லூரிக்கே மழை விடுமுறை விட்டவள் நான். என் செல்போனிலிருந்து வரும் எதையும் ஒரு வருடம் ஊறவைத்துத்தான் நம்புவார்கள்.

பழவேற்காட்டிலிருந்து ரஹ்மத் போன் செய்தாள். போன வருடம் வரை எங்கள் கேப்டன்.

"இன்னாடி, சாவுல கூடவா உனுக்கு வெளையாட்டு?"

நான் பதிலுக்குக் கிண்டல் செய்யாததில்தான் அவள் நம்பினாள்.

கட்டணக் கவுன்டரின் கம்பிக்குப் பின்னால் நெற்றியில் நாமத்தோடு உட்கார்ந்திருக்கும் நம் கணக்கு அதிகாரியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் "யோசிக்கலாம்" என்பார். தேசிகனை 'யோசிகன்' ஆக்கியது நான்தான். பெண்கள் கபடி அணியை நிறுத்திவிடலாம் என்று கமிட்டிக்குக் குறிப்பு எழுதிய கையும் அவருடையதே. அந்த அணியில் ரெய்டு போகிறவள் கல்லூரி மலரில் அவருக்கு அஞ்சலி எழுதுகிறாள். இதை வாசிக்கும்போது சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

அந்தக் குறிப்பு எங்கள் தலையில் விழுந்தது நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது. டீம் இல்லையென்றால் எனக்கு ஒரு வேடிக்கை குறையும், அவ்வளவுதான். ரஹ்மத்துக்கு அப்படி இல்லை. பழவேற்காடு கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கிற அவள் வாப்பா, விளையாட்டு வீராங்கனைகளுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று கேள்விப்பட்டுத்தான் அவளைக் கல்லூரியில் சேர்த்தார். டீம் போனால் தள்ளுபடி போகும். தள்ளுபடி போனால் ரஹ்மத் கடையில் உட்கார்ந்து கயிறு அளக்க வேண்டியதுதான். மூன்றாம் ஆண்டுக்கு ஒரு படி கீழே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் கவுன்டருக்குப் போனோம்.

"பசங்களுக்கு மூணு டீமு இருக்குது சார். எங்க ஒண்ணே ஒண்ணுதான் உங்க கண்ணுல பட்டுச்சா?" என்று நான் ஆரம்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை. வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லாததை, கம்பிக்குப் பின்னாலிருந்து நிதானமாகச் சொன்னார். "பசங்க ரயில்ல தொத்திண்டு போயிடறா. பிளாட்ஃபாரத்துலயே தூங்கிடுவா. உங்களுக்கு வேன் வேணும். கூட ஒரு லேடி ஸ்டாஃப் வரணும், அவாளுக்குப் படி குடுக்கணும். எல்லாம் உங்க கணக்குத் தலைப்புல ஏறும். கிரிக்கெட்டுன்னா கம்பெனிக்காரன் போர்டு வெச்சுப் பணம் தரான். கபடிக்கு யார் தரா? எல்லாத்துக்கும் மேல, உங்களுக்காக விட்டுக்கொடுக்கற ஃபீஸ். கபடி செலவில்லைம்மா, ரஹ்மத் கட்டாத பாதிதான் செலவு."

ரஹ்மத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தணித்து, "போன வருஷம் கட்டின கழிப்பறையும் உங்க தலைப்புலதான் ஏறியிருக்கு" என்றார்.

"அதுல மொத்தக் காலேஜ் பொண்ணுங்களும் போறாங்களே சார். அப்போ நாங்க கபடி டீமா, கட்டட டீமா?"

"யோசிக்க வேண்டிய விஷயம்" என்றார் தேசிகன் சார்.

யோசித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட முடியுமா? ஒரு சனிக்கிழமை மாலை, கூட்டிப் பெருக்கும் அக்காவோடு உள்ளே நுழைந்து, அவர் அறைத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கபடிக் களம் போட்டேன். நடுக்கோடு கவுன்டருக்கு நேர். போனஸ் கோடு அவர் நாற்காலிக்கு முன்னால். திங்கட்கிழமை அறைக் கதவு திறந்தபோது ஜன்னலோரம் ஒளிந்து நின்றோம். அவர் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றினார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கோட்டையும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். துடைக்கச் சொல்லவில்லை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதிராளி இடத்துக்குள்ள போய், ஒருத்தரையும் தொடாம மூச்சுப் பிடிச்சுண்டு திரும்பி வந்துட்டா அதுக்கு என்ன?"

"பாயின்ட் இல்ல சார். ஆனா அவுட்டும் இல்ல."

"அவுட்டும் இல்ல" என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். தண்டனை கிடையாது. ஒரு குறும்புக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன?

கமிட்டி எங்களுக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுத்தது. தள்ளுபடியை விட்டால் கல்லூரிக்கு வேறு செலவு வைக்காமல் சொந்தக் காலில் நின்றால் டீமும் தள்ளுபடியும் தொடரும், இல்லாவிட்டால் இல்லை. புஷ்பா மிஸ் தொழிற்பேட்டைக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார். அங்கே ஆலைகளில் வருடா வருடம் தொழிலாளர் குடும்பங்களுக்கு விளையாட்டு விழா நடக்கும். கோடு போட, விசில் ஊத, கயிறு இழுக்கிற இடத்தில் மீசைக்காரர்களின் சண்டையை விலக்க, ஆள் வேண்டும். நாங்கள் போனோம். ஒரு கம்பி ஆலையின் மைதானத்தில், இரும்பு காய்கிற அந்த வெயிலில், பகல் முழுக்க ஓடினோம். கூலிக்கு ஆலை செக் கொடுத்தது. கல்லூரி பெயரில்.

அந்தப் பணம் கிரிக்கெட் பயிற்சி வலையாக மாறி மைதானத்தின் மூலையில் எழுந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. ரஹ்மத் கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயில்ல வெந்தது நாங்க சார். செக்கு மட்டும் காலேஜுக்கா?"

"காலேஜ் பேர்ல வந்த செக்கை நான் வரவு வெக்காம இருக்க முடியாது. வெச்சா அது பொது நிதி. பொது நிதியைக் கமிட்டி எதுக்கு வேணா எடுக்கலாம். எடுத்துண்டா."

"அப்போ இனிமே கையில காசா வாங்கிக்கினு வந்துர்றோம்."

"ரசீது இல்லாம வாங்கினா அது திருட்டு. நான் இருக்கற வரைக்கும் அது நடக்காது." பேனாவை மூடினார். எங்களைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துப் பேசினார். "பணமா வந்தா நான் எழுதணும். எழுதினா போயிடும்." பிறகு, "அன்னிக்கு அந்த கேன்டீன்ல உங்களுக்கு மத்தியானம் என்ன போட்டா?" என்றார்.

"பிரியாணி சார். ஆளுக்கு ரெண்டு முட்டை" என்றேன், இந்த நேரத்தில் இது எதற்கு என்ற எரிச்சலோடு.

அவர் முகம் சுளித்தது. திருவள்ளூரில் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தச் சொல்லே அவர் வாயில் புழங்காது. "அந்த வெள்ளைச் சமாச்சாரத்தைச் சாப்பிட்டேளே, அதை நான் எந்தத் தலைப்புல வரவு வெச்சேன்?"

"வெக்கலையே சார்."

"வெக்கலை. வெக்க முடியாது." கவுன்டர் பலகையை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ரஹ்மத் மூடிய பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த மன்சன் இன்னாடி சொல்லிக்கினு போறாரு? ஒரே பேஜாரா கீது."

"காசு கேக்காத, முட்டை கேளுன்றாரு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது.

அடுத்த விழாவுக்குப் போனபோது ஆலையின் நலத்துறை மேலாளரிடம் செக் வேண்டாம் என்றோம். "காசு வேணாமா? பின்ன இன்னாமா வேணும்?" என்று அவர் பயந்தே போனார். நாங்கள் கேட்டவை: போட்டிக்குப் போய்வர ஒரு ஷிஃப்ட் பஸ், வேலைக்குக் கொடுக்கிற துணியில் ஆளுக்கொரு பேண்ட், பயிற்சி நாட்களில் கேன்டீன் முட்டை. புஷ்பா மிஸ்ஸும் தன் படியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு காலையில் ஷிஃப்ட் பஸ் நம் கல்லூரி வாசலில் ஒரு நிமிடம் நிற்கும். ஜன்னல் வழியாக முட்டைத் தூக்குவாளி ஒன்று இறங்கும். அதே நேரத்துக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தேசிகன் சார் முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பார்.

"வந்துதா?"

"எது சார்?"

"அதுதான்."

"எதுதான் சார்? பேர் சொன்னாத்தானே தெரியும்."

"போடி வாலு" என்றபடி போய்விடுவார். ஒரே ஒரு தடவை அவரை 'முட்டை' என்று சொல்லவைத்துவிட வேண்டும் என்பது என் லட்சியமாக இருந்தது. மடக்கிப் பார்த்தேன், விடுகதை போட்டுப் பார்த்தேன், பரீட்சையில் நான் என்ன வாங்கினேன் என்று கேட்டுப் பார்த்தேன். "பூஜ்யம்" என்றார் மனிதர்.

மண்டலப் போட்டி திருநின்றவூரில் நடந்தது. சாம்பல் நிற ஆலைப் பேண்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்களைப் பார்த்து எதிர் டீம்காரி ஒருத்தி, "இன்னாமா, எந்த ஷிஃப்டு?" என்றாள். "நைட்டு ஷிஃப்டு. உங்களைத் தூங்க வெச்சுட்டுத்தான் ஊட்டுக்குப் போவோம்" என்றாள் ரஹ்மத். சொன்னபடியே வைத்தாள். அரையிறுதியில் நாங்கள் தோற்றோம், அது வேறு கதை. எனக்கு அந்த நாளில் மறக்காதது மைக்தான். பெயர் கொடுத்துவிட்டு வராத கல்லூரிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் அணி, பெண்கள் அணி என்று கூப்பிட்டு, பதில் இல்லாமல் அடுத்த பெயருக்குப் போனார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கவுன்டர் இருந்திருக்கும், அதற்குப் பின்னால் ஒருவர் சரியாகக் கூட்டிப் போட்டிருப்பார். யாரும் யாரையும் வெறுத்திருக்க மாட்டார்கள். கூட்டல்தான் அந்தப் பெண்களைக் கழித்திருக்கிறது.

வருட முடிவில் கமிட்டி கூடியது. ரஹ்மத்தையும் என்னையும் உள்ளே கூப்பிட்டு நிறுத்திவைத்தார்கள். தேசிகன் சார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். செயலர் கேட்டார்.

"பெண்கள் கபடிக்கு இந்த வருஷம் என்ன செலவு?"

"பூஜ்யம்."

"வரவு?"

"பூஜ்யம்."

"பின்ன இதுங்க எதுல போச்சு, என்னத்தைத் தின்னுச்சு?"

தேசிகன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்குல இருக்கறதை என்னைக் கேளுங்கோ, சொல்றேன். கணக்குல இல்லாததை என்னைக் கேக்கப்படாது. செலவு வெக்காம நின்னாத் தொடரலாம்னு கமிட்டி எழுதியிருக்கு. நின்னிருக்கா." பிறகு, யாரும் கேட்காமலே, "அந்தக் கழிப்பறையைக் கட்டடத் தலைப்புக்கு மாத்தியிருக்கேன். போன தடவை தப்பா ஏறிடுத்து" என்றார்.

வரவில் ஒரு முட்டை, செலவில் ஒரு முட்டை. நடுவில் ரஹ்மத்தின் மூன்றாம் ஆண்டு. வெளியே வந்ததும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்து வாப்பாவுக்குப் போன் போட்டாள். "ஃபீஸு பாதிதான் வாப்பா. ஆமா. பாதிதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தேசிகன் சார் எங்களைத் தாண்டிப் போனார். நன்றி சொல்ல எழுந்தோம். "வழியில உக்காரப்படாது" என்றார்.

இந்த மாதம் திருவள்ளூரில் அவர் வீட்டுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். படிப்பை முடித்துவிட்ட ரஹ்மத் பழவேற்காட்டிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தாள். வாசலில் எங்கே நிற்பது என்று தெரியாமல் தெருவோரமாக நின்றோம். சார் வீட்டு மாமி வெளியே வந்து எங்களைப் பார்த்தார்.

"கபடிப் பொண்களா நீங்க?"

தலையாட்டினோம்.

"ஒருநாள் சாப்பிட்டுண்டே இருந்தவர் நிமிர்ந்து, அதுல நெஜமாவே சத்து இருக்கான்னு என்னைக் கேட்டார். எதுலன்னா, சொல்ல மாட்டேங்கறார். கையாலே உருண்டையாக் காட்றார்." மாமி சிரிக்கத் தொடங்கி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் யாருக்கும் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

கவுன்டரில் இப்போது புதியவர் உட்கார்ந்திருக்கிறார். டீம் இந்த வருடம் இருக்கிறது, அடுத்த வருடம் தெரியாது. அவருடைய பேனா, கண்ணாடி எதுவும் என்னிடம் இல்லை. கேட்டால் ரசீது கேட்டிருப்பார். அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்பது முந்தாநாள் வரை எனக்கே தெரியாது. முந்தாநாள் கம்பி ஆலையிலிருந்து போன் வந்தது. விழா வருகிறதாம். மேலாளர் மாறிவிட்டாராம். இந்த வருடம் கேப்டன் நான் என்பதால் புது மேலாளர் என்னிடம் கேட்டார்.

"எவ்வளவுமா? செக்கு யார் பேர்ல போடணும்?"

"செக் வேணாம் சார். ஒரு பஸ்ஸு குடுங்க, புதுசா வந்த புள்ளைங்களுக்கு பேண்ட்டு குடுங்க. அப்புறம் காலையில காலையில..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன்.

"அப்புறம்?"

அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. அவரைச் சொல்லவைக்க ஒரு வருடம் நான் தொங்கிய சொல். இப்போது எனக்கே வாயில் வரவில்லை.

"அந்த வெள்ளைச் சமாச்சாரம் சார்" என்றேன்.