சலவைக்கல் அம்மனின் பொட்டு

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம். அடையாற்றில் நைனா தோட்டவேலை பார்த்த பங்களாவின் துரையும் குடும்பத்தோடு நீலகிரிக்குப் போய்விட்டார். தோட்டத்து வீட்டில் நைனாவும் நானும் அத்தையும் இருந்தோம். தாயில்லாத என்னை வளர்த்தது அத்தைதான். மாமா ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவர். அங்கே குண்டு விழுந்தபின் ஒரு சேதியும் இல்லை.

பங்களா வராந்தாவில் ஒரு சலவைக்கல் பெண் நின்றாள். கையில் வில், தலையில் பிறை. பிரெஞ்சு தேசத்து வேட்டைத் தெய்வமாம், செய்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாச்சாம், துரைக்கு உயிராம். பட்லர் சொல்வார். அத்தைக்கு அந்தப் பிறை போதுமாயிருந்தது.

"கடல் தாண்டி வந்தவ. உங்க மாமா எங்க கீறாருன்னு இவளுக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்க் காப்பு, மஞ்சள், நெற்றியில் குங்குமம். நைனா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஒரு மத்தியானம் பட்லர் ஓடி வந்தார். "நாளைக்குக் காலைல துரை வர்றாரு!"

அதன்பின் யாருக்கும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எண்ணெய் கல்லுக்குள் இறங்கி முகம் மஞ்சளாகிவிட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் அத்தை புளி போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் மங்கியது, கூடவே பளபளப்பும் போனது. கன்னம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரத்தது. நைனா கேட்டுக்கும் வராந்தாவுக்குமாக அலைந்தார். நான் யாரும் கேட்காமலே தண்ணீர் சுமந்தேன்.

"நெத்தில கீறத இன்னாத்துக்குமே வுட்டு வச்சிக்கீற? தொடை!"

"மாட்டேண்ணே."

"துரை கண்ல மொத அதாமே படும்!"

"படட்டும். என் கையால பொட்டை அழிக்க மாட்டேன்."

நைனா துணியைப் பிடுங்கித் தானே எட்டினார். நெற்றிக்கருகே போன கை அங்கேயே நின்றது. அத்தையைத் திரும்பிப் பார்த்தார். துணியைக் கீழே போட்டார்.

"சரி, சாமானக் கட்டு" என்றார் மெதுவாக.

கன்னத்தைத் துரை கவனித்தாரோ என்னவோ, காரிலிருந்து இறங்கும்போதே சிவப்புப் பொட்டு கண்ணில் பட்டுவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெயில் ஏறுவதற்குள் பாயும் பானையுமாக மந்தைவெளிப் பக்கம் நடந்தோம்.

எனக்கு அத்தைமேல்தான் கோபம். கல்லுக்கு வைத்த பொட்டு, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது, அதற்காகவா வீட்டை விட்டோம் என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். அத்தையோ நெற்றியில் வேர்வை வழிய வழிய, முந்தானை நுனியால் தன் பொட்டைச் சுற்றி ஒற்றிக்கொண்டே முன்னால் நடந்தாள்.