கட்டி இழுக்கும் திருட்டுப் பைப்பு

சிறுநீரகப் புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்வதற்கு நுண்ணோக்கி போதும். அதை அடுத்தவருக்கு விளக்குவதற்குத்தான் தனித் தெம்பு வேண்டும். என்ன வேலை செய்கிறோம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லத் தெரியாமல் முழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். மலேசியாவில், காம்பாரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாக முழித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணப் பந்தியில்

கோலா கங்சாரில் ஒரு கல்யாணம். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி ஒருவர், யாழ்ப்பாணக் குடும்பம். "பிள்ளை என்ன வேலை?" என்றார். கட்டி தனக்குத் தேவையான ரத்தக்குழாய்களைத் தானே வளர்த்துக்கொள்வதை, அதே வழியாக நுரையீரலுக்கும் எலும்புக்கும் போவதை, பாயசம் ஆறும்வரை விளக்கினேன். அவர் கண் கலங்கியதுபோல் இருந்தது. அது ரசத்தின் காரம் என்று பிறகு தெரிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப நீர் டொக்டர் இல்லையோ? சும்மா பார்த்துக்கொண்டுதானோ இருக்கிறீர்?"

பன்னிரண்டு பக்கச் சம்மதம்

ஆறுமுகம் அண்ணன் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். வலது சிறுநீரகத்தில் கட்டி. ஈப்போ மருத்துவமனையில் மறுநாள் அறுவைசிகிச்சை. எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்கப் போயிருந்தேன். கையில் பன்னிரண்டு பக்கப் படிவம். அதன் தமிழாக்கத்தில் 'நாளப் புத்துருவாக்கத் தூண்டல்' என்றொரு வரி. அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இது எந்த ஊரு பாசை, தங்கச்சி?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

படிவத்தை மூடினேன். "அண்ணே, ஒவ்வொரு அணுவிலும் காத்து போதுமான்னு பாக்கற ஆள் ஒருத்தன் இருக்கான். காத்து இருக்கறப்போ 'மூச்சு முட்டுது'ன்னு யாராவது பொய்யாக் கத்துனா வாயை அடைப்பான். இந்த மாதிரிக் கட்டியில பெரும்பாலும் அந்த ஆளே இருக்கறதில்ல. அதனால எந்நேரமும் கத்தல். கத்தலைக் கேட்டு உடம்பு புதுசு புதுசா ரத்தக்குழாய் போட்டுக் கொடுக்குது." மண்டோர் என்கிற கங்காணி வேலை வாங்கும் தோட்டத்தில் பிறந்த மனிதர். சற்று யோசித்தார். எங்கள் துறையில் பலர் முழுப் பாடமாகச் சொல்வதை ஒரே மூச்சில் முடித்தார்:

"மண்டோர் வேலைக்கு வரலை, அதான் ஆளாளுக்குத் திருட்டுப் பைப்பு இழுத்துட்டானுங்க! எங்கலா சைன் போடணும்?"

டத்தோவுக்குப் பிடித்த நிறம்

அந்தத் துண்டில் ரத்தக்குழாய்கள் பச்சையாக ஒளிரும்படி சாயம் ஏற்றினோம். தாறுமாறாக, ஒட்டும் உறவும் இல்லாமல் கிளைவிட்டிருந்தன. நான் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருவதாக இருந்தது. எங்கள் பேராசிரியர் படங்களைப் புரட்டினார். எந்தப் புரதம் கூடியிருக்கிறது, எது இல்லை என்று கேட்பாரென்று மூன்று பக்கக் குறிப்போடு நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:

"ரத்தக்குழாய் பச்சையா இருந்தா டத்தோ பயந்துடுவாரும்மா, சிவப்பா மாத்திடு."

சர்வரோகப் பாட்டில்

சில மாதம் கழித்து ஆறுமுகம் அண்ணனின் நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. புது ரத்தக்குழாய் வளரவிடாமல் தடுக்கும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆய்வுக்காக நான் மூன்று தடவை அவர் ரத்தத்தை வாங்கிப் போனேன். நான்காவது தடவை அவர் மனைவி சரசு அக்கா என்னைத் தனியாக அழைத்தார். பையிலிருந்து ஒரு பாட்டில் வெளியே வந்தது. 'புதிய ரத்தக்குழாய்களை வளர்க்கும்' என்று மேலே அச்சடித்திருந்தது. கோயிலில் பழக்கமான ஒருவர் விற்றாராம். "மாத்திரையை நிறுத்தி மூணு வாரம் ஆச்சும்மா. டாக்டர்கிட்ட சொல்லிடாத."

நேரே அண்ணனிடம் போனேன். "எதுக்குண்ணே நிறுத்துனீங்க?" என்று கத்தியே விட்டேன். அண்ணன் செருப்பைக் கழற்றினார். பாதம் முழுக்கத் தோல் உரிந்து, சிவந்து கிடந்தது. இந்தக் காலோடு பிரேக் மிதித்திருக்கிறார். மாத்திரையின் பக்கவிளைவு அது. என் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறது. மூன்று தடவை ரத்தம் வாங்கிய நான் ஒரு தடவைகூடக் காலைப் பார்க்கவில்லை.

கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் திட்டவில்லை. அளவைக் குறைத்து, காலுக்குக் களிம்பு கொடுத்து, மறுபடி தொடங்கச் சொன்னார். என் கோபம்தான் தீரவில்லை. பாட்டிலில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, கட்டி உள்ளவருக்குப் புது ரத்தக்குழாய் வளர்க்கிறேன் என்று விற்கலாமா என்று கேட்டேன். மறுமுனை கொஞ்சமும் அசரவில்லை:

"வளரக் கூடாதுன்னா சொல்லுங்க சிஸ்டர், அதை அடைக்கறதுக்கும் நம்மகிட்ட வேற பாட்டில் இருக்கு."

நல்ல சேதி

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். புள்ளிகள் கூடவுமில்லை, பெரிதாகவுமில்லை. 'ஸ்டேபிள்' என்றார் டாக்டர். சரசு அக்கா, "அப்ப குறையலையா?" என்று முகம் வாடினார். வளராமல் நிற்பதே பெரிய விஷயம் என்று சொல்லி, என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அண்ணனும் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் விடவில்லை:

"வளராம நின்னதுக்குக் கைதட்டுறீங்களேலா! ஸ்கூல்ல நான் ஒரே வகுப்புல நின்னப்போ ரோத்தான் பிரம்பால இல்ல அடிச்சாங்க?"

உயிரணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதைக் கேட்கத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள். மனிதர்கள் பேசுவதைக் கேட்பதற்கும் ஒரு பட்டம் இருந்திருந்தால், அதில் நான் இன்னும் முதல் வருஷத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.