இரண்டு சோலார் பேனலும் ஒரு குட்டி பேட்டரியும்

பள்ளியில் என் பெஞ்சில் இருந்த ஜெபின் இன்று தன் கடற்கரை ஊரான கடியப்பட்டணத்துக்குக் கூப்பிட்டான். மீன்பிடி வள்ளத்தில் லைட் போட வாங்கிய புது பேட்டரியில் இரண்டு சோலார் பேனலை மாட்டப் போனான்.

“ஒண்ணோட பிளஸ்ஸ மத்ததோட மைனஸ்ல தொடுத்தா சட்டுனு சார்ஜ் ஏறும்லா மக்கா?”

“ஏலே, நிறுத்து! ஒரு பேனல் இருபத்திரண்டு வோல்ட், அப்படித் தொடுத்தா நாப்பத்திநாலு வரும். இந்த பேட்டரி இருபத்தெட்டுதான் தாங்கும். புகைஞ்சு போவும்!”

“ஏழாங்கிளாஸ்ல டார்ச் செல்ல நீதானே அப்படித் தொடுத்துக் காட்டுன? பல்பு என்னமா எரிஞ்சுது!”

“மூணாவது செல் வச்சதும் டப்புனு போச்சே, மறந்துட்டியா?”

கரண்ட் இல்லாத அந்த மதியமும், வகுப்பே கைதட்டியதும் ஞாபகம் வந்து இருவரும் சிரித்தோம்.

இரண்டு பேனலையும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து, இருபத்திரண்டு வோல்ட்டிலேயே பேட்டரியில் மாட்டினோம். சார்ஜ் ஏறியது. பேட்டரி பிழைத்தது.

ஏழாம் வகுப்பில் நீங்கள் சொன்னதை இன்றுவரை நம்பும் கூட்டாளி உங்களுக்கும் உண்டா? உடனே போன் போட்டு விசாரியுங்கள்.