காதுக்காரர் வாங்கிய இன்ஜின்

வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். எந்த வண்டியானாலும் பானெட்டைத் திறந்து, நீளமான திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "மூணாவது பிஸ்டன்" என்பார். மூன்றாவதாகத்தான் இருக்கும். இந்த வித்தை கைவந்த நாளிலிருந்து மனிதருக்குத் தலைக்கனம். உலகத்தில் மற்றவர்களெல்லாம் செவிடர்கள் என்பது போல ஒரு நடை.

அப்பேர்ப்பட்டவரின் வண்டியே இருமத் தொடங்கியதும் ஸ்டாண்டில் எல்லோருக்கும் உள்ளூரக் கொண்டாட்டம். பின்னால் நீலப் புகை. பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே மூச்சு வாங்கியது. தினம் காலையில் டிக்கியிலிருந்து கேனை எடுத்து ஆயில் ஊற்றுவார்.

"கொசு மருந்து அடிக்கிற வேலையும் சேத்துப் பாக்கறீங்களாண்ணே?" என்று ஒருவன் கேட்டான். காதுக்காரர் முறைத்தார். முறைத்தால் புகை நிற்குமா?

அவருடைய பிழைப்பே அட்டைப்பெட்டி ஆலையின் காலை ஷிப்டுதான். நான்கு பெண்களை விடியும் முன் ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும். ஞாயிறு மட்டும் விடுமுறை. தொடர்ந்து மூன்று நாள் வண்டி வராவிட்டால் வேறு வண்டி என்பது மேலாளர் போட்ட கண்டிஷன். அவர் வாசலில் வேறு வண்டிக்காரர்கள் ஏற்கனவே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

பட்டறை மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"புது இன்ஜின் பேச்சே வேணாம், அது வண்டிய விட ஜாஸ்தி. முழுசாப் பிரிச்சு வேலை பாக்கலாம், நல்லா வரும். ஆனா பதினஞ்சு நாள் ஆகும்."

"பதினஞ்சு நாளா? அதுக்குள்ள என் இடத்துல வேற எவனாவது உக்காந்துடுவான்."

"அப்ப பழைய இன்ஜின்தான். வண்டி உடைக்கிற யார்டுல உங்க தங்கச்சி மாப்பிள்ளைதானே இருக்காரு? போய்க் கேளுங்களேன்."

காதுக்காரர் பானெட்டை இழுத்து மூடினார். மாப்பிள்ளையிடம் போக முடியாததற்குக் காரணம் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் இதே மாடலில் வேறொரு வண்டி இருந்தது. இன்ஜின் உள்ளே டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்ததும், அதைத் தங்கச்சி புருஷன் தலையில் கட்டிவிட்டார். அதற்கு முதல் நாள் இருந்த ஆயிலை வடித்துவிட்டு, டிராக்டருக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை ஊற்றினார். சத்தம் அடங்கிவிட்டது. வடிக்கிற போல்ட்டின் மரை தேய்ந்திருந்ததால், ஒரு பித்தளை போல்ட்டில் செப்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். கைவேலையில் மட்டும் அவர் எப்போதும் சுத்தம்.

பத்தே நாளில் இன்ஜின் இறுகிவிட்டது. மாப்பிள்ளை இருந்த வேலையை விட்டுவிட்டு அந்த வண்டியை நம்பி இறங்கியவர். ஸ்டாண்டில் வந்து நியாயம் கேட்டபோது காதுக்காரர் எல்லோர் முன்னாலும், "நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. ஓட்டத் தெரியணும்" என்றார். கெட்டி ஆயில் என்று ஒருவன் இழுத்ததும், "அப்படி ஒரு வேலையே எனக்குத் தெரியாது, என் புள்ள மேல சத்தியம்" என்று தலையிலடித்தார். அன்றிலிருந்து தங்கச்சி பேசுவதில்லை. மாப்பிள்ளை யார்டில் கூலிக்கு வண்டி உடைக்கப் போனார்.

சனிக்கிழமை ஆலையிலிருந்து நேராக யார்டுக்குப் போனார், வேறு வழியில்லாமல். வாசலிலேயே தங்கச்சி. புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

"வாண்ணே" என்றாள்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு காதில் விழுந்த 'அண்ணே'. பொய்யல்ல, உண்மையிலேயே மனிதருக்குக் கண் கலங்கியது. அவ்வளவு கேடுகெட்டவருக்கும் தங்கச்சி மேல் பாசம் இருக்கத்தான் செய்தது.

மாப்பிள்ளை தார்ப்பாயை விலக்கினார். வெள்ளிப் பெயின்ட் அடித்த இன்ஜின் ஒன்று இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

"உங்க மாடலேதான் மச்சான். நல்ல கை ஓட்டின வண்டி."

ஓடவிட்டுக் காட்டினார். காதுக்காரர் திருப்புளியை வைத்துக் கேட்டார். வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் கெட்டி ஆயிலுக்குக் காதை ஏமாற்றத் தெரியும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, இரண்டு விரலில் தேய்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். கை தானாகவே கம்பியிடம் போனது.

நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றாள்.

"என்னண்ணே, எதாச்சும் பாக்கணுமா?"

கம்பியை உருவினால், அப்படி ஒரு வேலை உண்டு, எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. பிள்ளை மேல் செய்த சத்தியம் இருவர் முன்னாலும் நாறிப்போகும். இப்போதுதான் திரும்பக் கிடைத்த 'அண்ணே'யும் போகும்.

"சே சே, மாப்பிள்ளைய நம்பாம வேற யார நம்பறது?" என்று கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு டீயை வாங்கிக் குடித்தார். அவளே கேட்டு இன்னும் அரை டம்ளர் ஊற்றினாள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை தன் கையாலேயே இன்ஜினை மாட்டிக் கொடுத்துவிட்டார்.

வியாழன் காலை, பாலத்து ஏற்றத்தில், நான்கு பெண்களும் உள்ளே இருக்கும்போது டொக்கென்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. அந்தப் பெண்கள் மழையில் இறங்கி நடந்தார்கள். அரை நாள் சம்பளம் பிடித்தால் யார் தருவது என்று ஒருத்தி திட்டிக்கொண்டே போனாள்.

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். மெக்கானிக் அடியில் படுத்து ஆயிலை வடித்தார். அது வெல்லப்பாகு போல இழுத்துக்கொண்டு இறங்கியது.

"அடப்பாவி, டிராக்டர் ஆயில்! ஏற்கனவே ஒரு தடவ இறுகின இன்ஜின ஒப்பேத்தி ஓட விட்டிருக்கான். இனி இத எடைக்குத்தான் போடணும். இந்தாங்க, இந்த போல்ட்டப் பாருங்க."

பித்தளை போல்ட். செப்புக் கம்பி, மூன்று சுற்று.

காதுக்காரர் வெளியே போய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். எடுத்தது தங்கச்சி.

"அம்மா... இன்ஜின் இறுகிப்போச்சும்மா. ஆலை வண்டி போயிடும்மா..."



"நாங்க குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஓட்டத் தெரியணும்."

இந்த முறை அண்ணே இல்லை. போனை வைத்துவிட்டாள்.

உள்ளே வந்தபோது மெக்கானிக் கொதித்துக்கொண்டிருந்தார்.

"சும்மா விடாதீங்க. யார்டு முதலாளிகிட்ட நான் வந்து சாட்சி சொல்றேன். இந்த போல்ட்டு ஒண்ணு போதும், செஞ்சவனப் புடிச்சிடலாம். யாரோ நல்லா வேலை தெரிஞ்ச ஆளு. உங்களுக்குத் தெரியாத கையா? சொல்லுங்க, எவன் செஞ்ச வேலை இது?"

காதுக்காரர் போல்ட்டை வாங்கி, எண்ணெய் வழிய வழிய உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"தெரியல" என்றார்.