கொளஞ்சி பேரைச் சொன்ன நிருபர்

விருத்தாசலத்தில் பகுதிநேர நிருபராக ஏகப்பட்ட வருஷம் குப்பை கொட்டியவர் தர்மராஜ். லாரி கவிழ்ந்தாலும் தேர் ஓடினாலும் ஆள் அங்கே நிற்பார். பேரில்லாத செய்தியைத் தொடவே மாட்டார். அடிபட்டவன் மயங்கிக் கிடந்தாலும் அவன் பேர், அப்பா பேர், ஊர் மூன்றையும் யாரிடமாவது கேட்டு வாங்கிவிடுவார். இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் அவருக்கு வினையாக வந்தது.

1976. எமர்ஜென்சி நேரம். சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வருஷ ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பத்திரிகையும் அரசியலும் பற்றி ஆராய வேண்டும். சின்ன ஊர் நிருபருக்கு லேசில் கிடைக்கிற சமாசாரமா அது? தர்மராஜுக்குக் கிடைத்தது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தணிக்கை செய்த பேப்பரை ஜனங்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். ஜங்ஷன் டீக்கடையில் தினமும் சத்தம் போட்டுப் பேப்பர் படிப்பவன் கொளஞ்சி. பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. தர்மராஜ் கேட்டதும் மடை திறந்தமாதிரி பேசினான்.

"கொட்ட எழுத்துல இருக்குறத நாங்க நம்புறதில்ல சார். யார ஜெயில்ல போட்டாங்க, எவன எங்க அடிச்சாங்க, எல்லாம் திட்டக்குடி பஸ்ஸுல வந்துருது. அதான் எங்களுக்குப் பேப்பரு."

இதை அப்படியே சென்னையில் ஆராய்ச்சி வாசிக்கிற அன்று, நிறைந்த கூட்டத்தில் தர்மராஜ் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? "விருத்தாசலம் சூளைத் தொழிலாளி, கருப்பன் மகன் கொளஞ்சி சொன்னது" என்றும் சேர்த்துக்கொண்டார். கைதட்டல் அமர்க்களம். ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியர் மட்டும் முகம் வெளுத்து, "கூட்டத்துல போலீஸ் ஆளும் இருப்பானே, பேரை ஏன்யா சொன்னீங்க?" என்றார். அப்போதுதான் தர்மராஜுக்கு உறைத்தது.

மறுநாள் மத்தியானம் ரயிலில் ஊர் வந்து சேர்ந்தார். வீட்டு வாசலில் கொளஞ்சியின் மனைவி வீரம்மாள் காத்திருந்தாள்.

"காலையிலேயே மேனேஜரு ரூமுக்கு இட்டுக்கினு போனவரு, இன்னும் வெளிய வுடல. சாயங்காலம் போலீஸ் ஜீப்பு வருதாம். உங்கள நம்பித்தானே பேசுனாரு! நல்லா இருப்பீங்களா நீங்க?"

தர்மராஜ் பெட்டியைப் போட்டுவிட்டுக் கம்பெனிக்கு ஓடினார்.

மேனேஜர் கோதண்டபாணியும் பயந்துபோய்த்தான் இருந்தார். "இங்க பாருங்க, அந்த மாதிரி யாரும் பேசவே இல்லன்னு ஆயிட்டா ஜீப்பு வராம நான் பாத்துக்குறேன். கொளஞ்சி எதுவும் சொல்லல, நானாக் கட்டிவிட்டதுன்னு எழுதிக் குடுங்க."

"என் ஆராய்ச்சி போயிடுமே சார். அப்புறம் எந்தப் பேப்பர்க்காரன் என்னை நம்புவான்?"

"அது உங்க பாடு."

வெளியே வண்டிச் சத்தம். தர்மராஜுக்கு உயிரே போய்விட்டது. எட்டிப் பார்த்தார், களிமண் லாரி. அடுத்தது ஜீப்பாக இருந்தால்? அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. எல்லாம் பொய், கொளஞ்சிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதி நீட்டினார். ஒரு செய்தியைக்கூடப் பொய்யாக எழுதாத மனுஷன்.

கொஞ்ச நேரத்தில் கொளஞ்சியை வெளியே விட்டார்கள். தர்மராஜ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்க கொளஞ்சி. நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு எழுதிக் குடுத்துட்டேன். இனி உனக்கு ஒண்ணும் வராது."

கொளஞ்சி தலையில் அடித்துக்கொண்டான்.

"அய்யய்யோ, என்னா சார் பண்ணிட்டீங்க! ரிப்போர்ட்டரு பொய் சொல்லிட்டாருன்னு ஒரு கையெழுத்து போடு, வூட்டுக்குப் போன்னு காலையிலேருந்து என்னையும் அதத்தான் சார் கேட்டாங்க. உங்க பொழப்பு போயிடுமேன்னு நான் முடியாதுன்னு உக்காந்திருந்தேன்."