மூக்கம்மாவின் சில்லு

ஆய்வகத்தில் எல்லோரும் அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே லேசாக வாயு கசிந்தாலும் முதலில் முகம் சுளிப்பவள் அவள்தான். உண்மை என்னவென்றால், பிறந்ததிலிருந்தே அவளுக்கு வாசனை என்ற ஒன்று தெரியாது. சோப்பும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான்.

சாக்கடைக் குழியில் இறங்குகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவி செய்வது அந்த ஆய்வகத்தின் வேலை. குழிக்குள் தேங்கும் அழுகிய முட்டை வாடை வாயு ஆளையே கொன்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை நகத்தளவு சில்லில் மெல்லிய படலமாகப் பூசுவார்கள். வாயு பட்டால் படலத்தில் ஓடும் மின்சாரம் மாறும், திரையில் கோடு ஏறும். அந்தப் பூச்சு வேலையில் மூக்கம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சேர்ந்த அன்று சொன்ன முதல் விதியே, "வாடை வந்தா உடனே வெளிய ஓடிடணும்" என்பதுதான். மூக்கு வேலை செய்யாதவளை, சில்லைச் சோதிக்கும் வாயு அறைக்குள் யார் விடுவார்கள்? பேசாமல் தலையாட்டிவிட்டாள். பிறகு ஒரு சில்லைத் தன் கணினியோடு இணைத்து அந்த அறை மேசையில் வைத்துக்கொண்டாள். கோடு ஏறினால் மூக்கைச் சுளிப்பாள், இறங்கினால் சிரிப்பாள். தில்லாலங்கடி வேலைதான், ஆனால் ஒரு நாளும் பிசகியதில்லை.

வாடை என்றால் எப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள மட்டும் அவளுக்குக் கொள்ளை ஆசை. கணவன் கைக்குழந்தையின் உச்சந்தலையில் முகம் புதைத்துக் கண்ணை மூடும்போது அந்த ஆசை இன்னும் கூடும். ஆனால் அவனிடமும் கேட்க முடியாது. அதே ஆய்வகத்தில் கணக்கு பார்ப்பவன், வாயில் ரகசியம் நிற்காது.

அன்று வாயு அறையின் அபாயமணி பழுதுபார்க்கப் போயிருந்தது. "நமக்குத்தான் மூக்கம்மா இருக்காளே!" என்று அவளோடு உள்ளே போய்ச் சோதனையைத் தொடங்கிவிட்டார் ஆய்வகத் தலைவரான தாடிக்காரர். படித்தவர் என்றால் புத்தியும் இருக்கும் என்று யார் சொன்னது?

கொஞ்ச நேரத்தில் கோடு ஏறியது. மூக்கம்மா சுளித்தாள். "ஆமா, எனக்கும் வருது" என்று தாடிக்காரர் குழாய் இணைப்பை இறுக்கினார். சற்றுப் பொறுத்து மூச்சை இழுத்துப் பார்த்தார். "சுத்தமாப் போயிடுச்சு."

கோடு இறங்கவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது.

"சார், வெளிய போயிடலாம்."

"அந்தப் பழைய சில்லை நம்பியா? உன் மூக்கு என்ன சொல்லுது? வாடை வருதா, இல்லையா?"

இல்லை என்றால் அங்கேயே நிற்பார். ஆமாம் என்றால், எனக்கு வரலையே என்று குழாயருகே குனிந்து மோந்து பார்ப்பார். அவர் குணம் அப்படி.

"எனக்கு எந்த வாடையும் வராது சார். பிறந்ததிலேர்ந்தே வராது. இந்தச் சில்லுதான் என் மூக்கு."

சொல்லிக்கொண்டே வால்வை மூடி, அவரைத் தரதரவென்று வெளியே இழுத்துவந்து கதவைச் சாத்தினாள்.

படியில் உட்கார்ந்தவருக்குத் தலை சுற்றியது, கண்ணில் நீர் வழிந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்த வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும். கூட்டம் போட்டு மற்றவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்த பாடம்.

"என்னை வேலையை விட்டு அனுப்பிடுவீங்களா சார்?"

"மூக்கு இருந்த நான்தானேம்மா உள்ள நின்னேன்? இனிமே அந்த ரூமுக்குள்ள போறவங்க மூக்கைக் கழட்டி வெளிய வச்சுட்டுத்தான் போகணும். ஆனா நீ மறைச்சது தப்பு. எல்லார்கிட்டயும் சொல்லிடு. நாம செஞ்ச கருவில ஒண்ணை எப்பவும் கழுத்துல போட்டுக்கோ."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "சார், அழுகின முட்டை வாடை எப்படி இருக்கும்?"

"அது... அழுகின முட்டை மாதிரியே..." கையை ஆட்டினார், வாயைக் கோணினார், ஒன்றும் தேறவில்லை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, கைக்குழந்தையோட உச்சந்தலை?"

தாடிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். "அதைச் சொல்லத் தெரியலைம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு கழுத்திலிருந்த கருவியைக் கழற்றி, தூங்கும் குழந்தையின் தலையருகே வைத்துப் பார்த்தாள். அதன் திரையில் கோடு அசையவே இல்லை. அவள் குனிந்து, தன் மூக்கைக் குழந்தையின் உச்சந்தலையில் வைத்தாள். வைத்த மூக்கை வெகுநேரம் எடுக்கவில்லை.